வெடித்தது வீட்டுக்கு

அந்த வீட்டில் யார் போட்ட சட்டமோ தெரியாது. தர்பூசணி நன்றாக விளைந்திருந்தால் லாரிக்கு, வெடித்திருந்தால் வீட்டுக்கு. காக்கா கொத்தியது, எலி சுரண்டியது, வெயிலில் வெந்து புளித்தது எல்லாம் வீட்டுக்குத்தான். சின்ன மருமகள் கல்யாணமாகி வந்த முதல் கோடையிலேயே, நமக்கென்று நல்லதாக ஒன்று எடுத்து வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தாள். கணவனின் அண்ணன், எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிற மனுஷன், அவளை ஏற இறங்கப் பார்த்தார். அத்தோடு சரி. புதுப்பெண் ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டாள்.

வாயைத்தான் மூடினாள், கை சும்மா இருக்கவில்லை. கொடிகளுக்குள் குனிந்து, பழத்தைத் தட்டிப் பார்த்து, பழுத்தது எது, இன்னும் நாள் பிடிப்பது எது என்று பிரிக்கிற வேலை அவள் தலையில் வந்து விழுந்தது. தட்டுக்காரி என்று பேரே ஆகிவிட்டது. வருஷா வருஷம் லாரி லாரியாகத் தட்டி ஏற்றிவிட்டவள், அதில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. என்ன கொடுமை பாருங்கள்.

இந்தக் கோடையில் அவள் மகள் ஒரு காரியம் செய்தாள். சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எல்லாருக்கும் தர்பூசணி நறுக்கி வைத்திருந்தார்கள். குட்டி ஒரு கடி கடித்ததுதான் தாமதம், முகத்தைச் சுளித்து உள்ளங்கையில் துப்பிவிட்டாள்.

“அம்மா, இது கெட்டுப்போச்சு. புளிக்கவே இல்ல.”

பந்தியே சிரித்தது. தட்டுக்காரியும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் அதே நினைப்பு. ஊருக்கெல்லாம் பழம் அனுப்புகிற வீட்டுப் பிள்ளைக்குப் பழத்தின் ருசி தெரியவில்லை. இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

மறுநாள் அறுப்பு. கொட்டகை நிழலில் பழம் குவிந்து கிடந்தது. வியாபாரியிடம் காட்டுவதற்கென்று பெரியவர் தனியாக வைக்கச் சொன்ன பழத்தை அவள் தூக்கித் தன் முன்னால் வைத்தாள். அரிவாளையும் எடுத்தாள்.

பெரியவர் பார்த்துவிட்டார். “ஏம்மா, அதை வை. வெடிச்சது அந்தப் பக்கம் கிடக்கு.”

“தெரியும் மாமா. இன்னைக்கு அதை நீங்க சாப்பிடுங்க.”

மனுஷனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எங்கப்பா தின்னவில்லை, நான் தின்னவில்லை, அப்படி இருந்ததால்தான் இந்தக் காடு கரை கையை விட்டுப் போகாமல் இருக்கிறது என்று பிடித்தார் பாருங்கள், மூச்சு விடவில்லை. அதை வெட்டினால் நாளையிலிருந்து காட்டுக்குள் காலே வைக்க வேண்டாம் என்றார். உன் பெண்டாட்டிக்கு நீயாவது புத்தி சொல்லு என்று தம்பி பக்கம் திரும்பினார்.

தம்பி வாயில்லாப் பூச்சி. அண்ணன் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். இப்போதும் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். தட்டுக்காரி அவனைப் பார்த்தாள். இவனும் வை என்று சொல்லிவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு ஆள் கிடையாது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே ஒரே போடாகப் போட்டாள்.

முதல் துண்டு மகளுக்கு. குட்டி சந்தேகத்தோடு மோந்து பார்த்தாள். புளிக்காது, தின்னு என்றாள் தாய். தின்றவள் அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினாள்.

இரண்டாவது துண்டைக் கணவன் முன்னால் நீட்டினாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அவள் நீட்டிய கையை இறக்குவதாக இல்லை. கை வலிக்கிற வரைக்கும் நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் வாங்கினான். சாறு தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. வெள்ளைத் தோல் தெரிகிற மட்டும் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

“அண்ணே, பொறந்ததுலேருந்து இந்தக் காட்டுலதான் கிடக்கோம். இத்தனை நாளா நாம என்னத்தத் தின்னுட்டு இருந்தோம்?”

பெரியவர் பக்கமும் ஒரு துண்டை வெட்டி வைத்தாள். தின்றால் தின்னட்டும், தின்னாவிட்டால் போகட்டும். நடுவில் இருந்த நல்ல துண்டை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கப் பார்க்க, தானே தின்றாள்.