சுரங்க அறைக்குள்ளை சப்பாத்தோடை வராதேங்கோ

மியூசியத்திலை வழிகாட்டி வேலை எண்டால், கேக்க விருப்பமில்லாத ஆக்களைப் பிடிச்சு வைச்சுக் கதை சொல்லுற வேலை. கால் கடுக்க நிண்டு தொண்டை வறண்டவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒஸ்லோவிலை எனக்கு வாய்ச்சது கடைசி அறை. வடக்கே ஸ்வால்பார் தீவிலை மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின்ரை வரலாறு. ஆக்கள் வாறது குறைவு, அதாலை அறையை எடுத்துப்போட்டு கோப்பிக்கடை போடப்போறம் எண்டு எங்கடை பொறுப்பாளர் இங்ரிட் சொன்னா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. அந்தச் சுரங்கத்துக்குள்ளை போன சில பேர் மேலை வரவேயில்லை. அவையின்ரை கதைக்கு மேலை கோப்பியும் கேக்குமோ? ஒரு கை பாக்கிறது எண்டு வெளிக்கிட்டன்.

வாசல் பலகை

வீட்டுக்குள்ளை கரித்தூள் போகக்கூடாது எண்டு சுரங்கத்துக்காரர் வாசலிலையே சப்பாத்தைக் கழட்டுறவை. சுரங்கம் மூடினாப் பிறகும் அங்கை ஹோட்டலுக்குள்ளைகூட அந்த வழக்கம் இருக்கு. நானும் அறை வாசலிலை "சப்பாத்தைக் கழட்டவும்" எண்டு பலகை வைச்சன். இங்ரிட் தலையிலை கை வைச்சா: "வாற நாலு பேரையும் நீர் கலைக்கப்போறீர்!"

எங்கடை சனம்

கலைக்கிறதோ? ஒஸ்லோவிலை எங்கடை தமிழ்ச்சனம் கூட இருக்கிற ஸ்டோவ்னரிலை தெரிஞ்ச குடும்பம் எல்லாத்துக்கும் ரெலிபோன் அடிச்சன். சனிக்கிழமை குஞ்சு குருமானோடை வந்து குவிஞ்சுதுகள். வாசல் நிறையச் செருப்பும் சப்பாத்தும். அதைப் பாத்த திருகோணமலை அக்கா ஒராள், பலகையை வாசிக்காமல், முந்தானையை இழுத்துப் போத்திக்கொண்டு பக்தியா உள்ளை வந்தா. சுரங்க விளக்கைக் கும்பிட்டுப்போட்டு, மன்னார்க் கத்தோலிக்கனான என்னட்டை மெல்லமாக் கேட்டா: "தம்பி, ஐயர் எத்தினை மணிக்கு வருவார்?"

அளவெடுக்க வந்தவை

இவ்வளவு செய்தும் ஒருநாள் இங்ரிட் கோப்பிக்கடைக்கு அளவெடுக்கத் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டா. ரெண்டுபேரும் சப்பாத்தோடை உள்ளை நிண்டு அளவுநாடா பிடிக்கினம்.

அந்த நேரம் ஒரு வயசான நோர்வேக்காரர் வந்தார். பலகையைப் பாக்கவேயில்லை, தன்பாட்டிலை குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டி ஓரமா வைச்சார். நேரே போய் சுவரிலை இருந்த தொழிலாளர் படத்திலை ஒரு முகத்தைத் தொட்டார். "என்ரை தம்பி. உள்ளை போனவன், வரேல்லை" எண்டார். பிறகு தச்சரின்ரை காலைப் பாத்தார். "இஞ்சை ஆரும் சப்பாத்தோடை நிக்கிறேல்லை."

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. இங்ரிட் குந்தியிருந்து தன்ரை சப்பாத்து நாடாவை அவிழ்த்தா. தச்சர் நெளிஞ்சுகொண்டு அந்த மனிசனைக் கேட்டார்: "என்ரை சொக்ஸ் ஓட்டை, பரவாயில்லையோ?"

கோப்பிக்கடை இப்ப மாடிப்படிக்குக் கீழை, இருக்க இடமில்லை எண்டு வாறவை போறவை எல்லாம் என்னைத்தான் திட்டுகினம், நல்லாத் திட்டட்டும்.