சாட்சியைத் தின்றவர்கள்

கோர்ட்டில் எது காணாமல் போனாலும் முதலில் தடவிப் பார்ப்பது சேவகனின் மடியைத்தான். யுத்தத்துக்கு முந்தி ஒரு முன்சீப் கோர்ட்டில் நான் மார்பில் பித்தளை வில்லை போட்ட சேவகனாக இருந்தேன். சம்மன் கொண்டுபோவது, சாட்சிப் பொருள்களைத் தூக்கி வைப்பது, வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கத்துவது, இவ்வளவுதான் வேலை. நான் படித்தது கொஞ்சம். ஆனால் யார் என்னை என்ன சொன்னார்கள் என்பது ஒரு எழுத்துப் பிசகாமல் இன்றைக்கும் நினைவிருக்கிறது. மேலே இருப்பவர் செய்ததற்குக் கீழே நின்று திட்டு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

செம்பில் இருந்த நெய்

ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் கலப்பட நெய் கொடுத்துவிட்டார் என்று வாங்கினவர் வழக்குப் போட்டார். அந்த நெய்யில் ஒரு செம்பு எடுத்து, வாயைத் துணியால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டு அலமாரியில் வைத்தார்கள். சேவகர்களுக்கெல்லாம் மேலே நாசர் என்று ஓர் அதிகாரி உண்டு. அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அரக்கும் முத்திரையும் அவர் மேஜையில் இருந்தன. சந்தேகம் மட்டும் என் மேல் இருந்தது.

வாய்தாவுக்கு வாய்தா செம்பின் கனம் குறைந்தது. நாசர் வீட்டிலிருந்து வருகிற மத்தியானச் சாப்பாட்டின் வாசனை கூடியது. கடைசியில் முன்சீப் முன்னால் முத்திரையை உடைத்தபோது செம்பு புளி போட்டுத் துலக்கினதுபோல் பளபளத்தது. முன்சீப் நாசரைப் பார்த்தார். நாசர் என்னைப் பார்த்தார். "இனி ஒரு சாட்சி உன் கையால் காணாமல் போனால், வில்லையைக் கழட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அந்தச் சம்பளத்தை நம்பி என் வீட்டில் எத்தனை வயிறு இருந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தவர் நெய் வியாபாரி ஒருவர்தான். காலிச் செம்பைக் கையால் காட்டிச் சொன்னார்: "கலப்படமா இருந்தா இப்படி வழிச்சுத் தின்னிருப்பாங்களா எசமான்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமுங்க?"

சாயம் போன சேலை

எடப்பாடி பக்கத்து ஆள் ஒருவர், தான் வாங்கின பட்டுச் சேலை சாயம் போகிறது என்று நெசவுக்காரர் மேல் வழக்குப் போட்டிருந்தார். சேலையைக் கொண்டுவந்து காட்டு என்று முன்சீப் சொல்ல, அடுத்த வாய்தாவுக்கு வெறுங்கையோடு வந்தார். மனைவி அதைத் தம்பி கல்யாணத்துக்குக் கட்டினாளாம். அப்புறம் துவைத்தாளாம். அப்புறம் ஒரு விசேஷத்துக்கும் கட்டினாளாம்.

"கையில் இருக்கும் பொருளைக் காட்டாமல் வைத்துக்கொண்டால், காட்டினால் உமக்குப் பாதகம் என்றுதான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்" என்றார் முன்சீப். இந்த ஒரு வாக்கியத்தை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். "கடைசியாகக் கேட்கிறேன், சேலை இப்போது எங்கே?"

அவர் தலையைச் சொறிந்தார். "தூளியாக் கட்டியிருக்குதுங்க எசமான். புள்ள இப்பத்தான் அசந்து தூங்குது. போயி எழுப்பட்டுமுங்களா?"

கதவில் ஒட்டியது

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். நாமகிரிப்பேட்டைக்குத் தள்ளி ஒரு ஊரில் பாவாயி என்று ஒரு விதவை. அவளுக்கும் புருஷனின் பங்காளி செங்கோட கவுண்டருக்கும் பொதுவாக ஒரு கிணறு. புருஷன் செத்ததும், கிணறு முழுக்க எனக்கே, அந்த வீட்டு மாடு இங்கே ஒருநாளும் தண்ணீர் இறைத்ததில்லை என்று கவுண்டர் மறித்துவிட்டார். பாவாயியின் மிளகாய்ச் செடி காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு இருந்த சாட்சி ஒரு கல். கிணற்று மேட்டில், மாடு இழுக்கத் தண்ணீர்ச் சால் ஏறி வரும் இடத்தில் கிடந்த நீளக் கருங்கல். வருஷக்கணக்காகக் கயிறு தேய்த்து அதில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது, வீட்டுக்கு ஒன்றாக. கோர்ட்டு கமிஷனர் வந்து பார்க்கிறவரை கல்லை யாரும் தொடக்கூடாது என்று முன்சீப் உத்தரவு போட்டார். அதைக் கவுண்டர் கையில் சேர்க்க என்னை அனுப்பினார்கள்.

நான் வருவது தெரிந்து கவுண்டர் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டார். அவர் மனைவி நல்லம்மா, அவர் சந்தைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வரலாம் என்பது சட்டம். சாட்சிக் கையெழுத்துக்கு ஊர் மணியக்காரரைத் தேடினேன். அவர் நிஜமாகவே சந்தைக்குப் போயிருந்தார். ஒட்டப் பசை இல்லையே என்று நின்றபோது நல்லம்மா கம்மங்கூழ் கொண்டுவந்தாள். வெயிலுக்கு ஒரு சொம்பு குடிக்கவும் கொடுத்தாள். இவ்வளவு நல்ல பெண்பிள்ளையை அந்த ஊரிலேயே பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டே கதவில் கூழைத் தாராளமாகப் பூசி, உத்தரவை ஒட்டினேன்.

படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "ஏனுங்க கோர்ட்டுக்காரரே, கூழுக்கு உப்புப் பத்துச்சுங்களா?"

கமிஷனர் பார்த்தது

கமிஷனராக ஒரு இளம் வக்கீல் மாட்டு வண்டியில் வந்தார். வழிகாட்ட நானும் போனேன். கிணற்று மேட்டில் பள்ளமே இல்லாத புதுக் கல் ஒன்று, உளி போட்ட வெள்ளை மாறாமல் கிடந்தது. பழைய கல் எங்கே என்றால், உடைந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். உத்தரவு வந்த பிறகு எப்படி எடுத்தீர் என்றால், "எந்த உத்தரவுங்க?" என்றார் கவுண்டர்.

நான் கதவைக் காட்ட ஓடினேன். காகிதம் இல்லை. ஒட்டிய இடம் மட்டும் நக்கின தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளாடு அசைபோட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. உப்பு எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்லம்மாவோ முக்காடு போட்டுக்கொண்டு கமிஷனரிடம் சொன்னாள்: "கோர்ட்டுக்காரர் வந்தாருங்க. கூழ் குடிச்சாருங்க. போயிட்டாருங்க. பொய் சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிருமுங்க." அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, பாருங்கள்.

ஒட்டியதற்குக் காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உத்தரவே போய்ச் சேரவில்லை என்றால் கல்லை எடுத்தது கவுண்டரின் குற்றம் ஆகாது. பாவாயிக்குத் தண்ணீர் போகும், எனக்கு வேலை போகும். பாவாயி என்னிடம் வந்து, "நீங்க ஒட்டுனீங்கதானே சாமி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அதை நம்பியவள் அவள் ஒருத்திதான். திரும்பி வந்ததும் நாசர் எழுந்து நின்று வரவேற்றார்: "கூழ் குடிக்கவா உனக்குச் சர்க்கார் சம்பளம்? வில்லையை நன்றாகத் துடைத்து வை. முன்சீப் கேட்டதும் கொடுக்க அழகாக இருக்கும்."

கை படாத கல்

விசாரணை நாளில் நாசர் வேண்டுமென்றே என்னை முன் வரிசையில் நிறுத்தினார். கவுண்டர் கூண்டில் ஏறி, உத்தரவு எதையும் பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணினார். அவருடைய வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். அப்போது முன்சீப்புக்கு எதனாலோ கோபம் வந்துவிட்டது. "தொடக்கூடாது என்று கோர்ட்டு சொன்ன கல்லைத் தொட்டது நீர்தானே?" என்று அதட்டினார்.

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் தொட்டாய் என்று சொன்னதை மனுஷனால் தாங்க முடியவில்லை. "ஐயோ, அபாண்டமுங்க எசமான்! தொடக்கூடாதுன்னுதானுங்க காயிதத்துல போட்டிருந்துச்சு? அதனாலதான் வடத்தைச் சுருக்குப் போட்டு வீசி, மாட்டைக் கட்டி இழுத்தேனுங்க. ஒரு விரல் படலீங்க. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அணைக்கறேனுங்க" என்றார்.

அவருடைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "காகிதம் வரவே இல்லை என்றீரே?" என்றார் முன்சீப் மெதுவாக. கவுண்டர் திருதிருவென்று விழித்துவிட்டு, "ஆட்டை அவுத்து உடறதுக்கு முந்தி வாத்தியாரைக் கூப்புட்டு ஒருக்காப் படிக்கச் சொன்னதோட சரிங்க" என்றார்.

சேலைக்காரரிடம் சொன்ன அதே வாக்கியத்தை முன்சீப் இவருக்கும் சொன்னார். கல்லை மறைத்தது நீர், ஆகையால் அதில் இரண்டு பள்ளம் இருந்தது என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும் என்றார். கவுண்டரின் எதிர்வாதத்தைத் தள்ளி, வழக்குச் செலவையும் அவர் தலையில் கட்டி, பாவாயிக்குப் பாதிக் கிணறு என்று தீர்ப்புச் சொன்னார். என் வில்லை என் மார்பிலேயே இருந்தது. நாசர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கும் இல்லை, அவர் பென்ஷன் வாங்கிப் போகிறவரைக்கும் இல்லை. வெளியே புளியமரத்தடியில் நல்லம்மா புருஷனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்: "காயிதத்தை முழுங்கிப்போட்டு ஆடு வாயை மூடிக்கிட்டு நின்னுச்சில்லீங்க? அந்த ஆட்டோட புத்தியாச்சும் உங்களுக்கு இருக்கக் கூடாதுங்களா?"

கோர்ட்டு உத்தியோகத்தில் நான் பார்த்த, சாட்சியைத் தின்றவர்கள் எல்லாரிலும் இன்றுவரை நான் மன்னித்திருப்பது அந்த வெள்ளாடு ஒன்றைத்தான்.