மதகுக்காரன் வேலையும் என் பிரெஞ்சும்

இத எழுத வாணாம்னு தாள மடிச்சே வச்சிருந்தேன். எழுதுனா என் பிரெஞ்சு லட்சணம் ஊருக்கே தெரிஞ்சிடும்.

பாகூர் ஏரி மதகுக்கு ஆள் எடுத்தாங்க. அந்த வேல கெடச்சாதான் பொண்ணு குடுப்பேன்னு என் கூட்டாளிகிட்ட அவன் மாமன் சொல்லிட்டாரு. பாதிரியார் பள்ளிக்கூடத்துல கொஞ்சம் பிரெஞ்சு படிச்சவன்னு, ஆள் எடுக்குற பிரெஞ்சுக்காரத் தொரைகிட்ட பேச என்ன கூட்டிக்கினு போனான்.

"மதகுப் பலக சிக்கிக்கினா இன்னா பண்ணுவான்?"னு தொர பிரெஞ்சுல கேட்டாரு. நான் தமிழ்ல சொன்னதும் இவன் மூச்சு விடாம சொன்னான்: இடுப்புல கயிறு கட்டிக்கினு எறங்குவேன், கரையில ஒருத்தன் கயித்தப் புடிச்சிக்குவான், கால்லியே சேத்த வழிப்பேன். கயித்துக்கும் சேத்துக்கும் எனக்கு பிரெஞ்சு தெரியாது. "நல்லா பண்ணுவான், மிசியே"ன்னு முடிச்சிட்டேன்.

தொர பேனாவ கீழ வச்சாரு. "அவ்ளோ நேரம் பேசுனான், இவ்ளோதானா?"ன்னு எனக்குப் புரியிற மாதிரி மெதுவா கேட்டாரு. கூட்டாளி என் மூஞ்சியே பாத்துக்கினு நின்னான். வேற வழியில்லாம என் துண்ட அவன் இடுப்புல கட்டி, மறுமுனைய நான் புடிச்சிக்கினு, "கால்ல வழிடா"ன்னேன். அவன் ஆபீஸ் தரையில சேறு வழிச்சான். தொர சிரிக்கல. ரொம்ப நேரம் பாத்துட்டு வேலச் சீட்டுல கையெழுத்துப் போட்டாரு.

திரும்பி வரப்போ, "என் பிரெஞ்சாலதான்டா உனக்குப் பொண்ணு"ன்னேன்.

"உன் துண்டாலடா"ன்னான்.