கனம் போதாத கிடார்

ஒரு கிடாரைக் கையில் கொடுத்து, உசத்தியா மட்டமா சொல் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தூக்கிப் பார்ப்பீர்களா, தட்டிப் பார்ப்பீர்களா? எங்கள் பெரியாத்தா இரண்டையும் செய்தாள். கிடார் தொலைந்தது.

நாச்சியாபுரத்துக்குக் கிடார் வந்ததே ஒரு கூத்து. அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, ரங்கூனில் கடை. மாடியில் குடியிருந்த ஸ்பெயின் தேசத்துப் பாதிரியாருக்கு விரல்கள் முடங்கிப்போக, இனி எனக்கு எதற்கு என்று அதை அப்பச்சியிடம் கொடுத்துவிட்டாராம். பாதிரியாரின் ஊரில் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே இழைத்தது. அப்பச்சிக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விட்டார்.

சுவரிலிருந்து அதைக் கழற்றியவள் ஆச்சி. ஆச்சி என்றதும் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வயதுக்கு வந்த பெண், வாசல் தாண்டக் கூடாது. தானே தடவித் தடவி, நாதசுரத்தில் கேட்டது, நடவுப் பெண்கள் பாடியது எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பின்கட்டில் மாடு கத்தினால் சுவரில் மாட்டிய கிடார் ‘ம்ம்’ என்று முனகும். உள்ளே பேய் இருக்கிறது என்று நான் அலறியபோது ஆச்சி என் உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்து, "இப்பப் பேசு புள்ள" என்றாள். பேசினேன். பலகை கைக்குள் நடுங்கியது. "பாத்தியா, நீ பேசுனா அதுக்குக் கேக்குது."

பட்டணத்தில் பிசிக்ஸ் படித்த திமிரில் இன்றைக்குச் சொல்கிறேன்: அதுதான் சரியான பரீட்சை. மேல்பலகை எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நாதம். கனமே இருக்கக் கூடாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஆச்சிக்குக் கண்டரமாணிக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண்ணோடு போகிற ஒவ்வொரு சாமானும், ஈயச்சொம்பு முதல் இரும்புப் பெட்டி வரை, கல்யாணத்தன்று முகப்பில் பரப்பி வைக்கப்பட வேண்டும். சம்பந்திப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள், சுண்டிப் பார்ப்பார்கள். கனமானால் குடும்பம் கெட்டி. லேசானால் அடுத்த தலைமுறை வரை பேச்சு.

"ஆத்தா, கிடாரைப் பரப்புல வைக்காதீக. சேலைக்குள்ள சுத்தி நான் பாட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று ஆச்சி கெஞ்சினாள்.

"ஒளிச்சு எடுத்துட்டுப் போக அதென்ன களவாண்ட சாமானா?" என்றாள் ஆத்தா.

அம்மான் வீட்டு விருந்துக்கு ஆச்சி போயிருந்த வாரத்தில் ஆத்தாவின் அக்காள் வந்தாள். பெரியாத்தா பார்க்காத சாமான் சீர்வரிசையில் ஏறாது. வைரத்தின் தோஷம், வெள்ளியின் மட்டம், பித்தளையின் ஒட்டு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கிடாரை ஒற்றைக் கையால் தூக்கினாள். முகம் சுண்டிவிட்டது.

"என்னடி இது, காஞ்ச சொரைக்குடுக்கை மாதிரி இருக்கு?" விரலால் தட்டினாள். ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள். "ஒரு ஆணியக் காணோம். பலகை அப்பளம் கணக்கா இருக்கு. எல்லாம் பசை! எவனோ வெள்ளைக்காரன் ஒம் புருசன் தலையில நல்லாக் கட்டியிருக்கான்."

"அதுல பாட்டெல்லாம் வாசிக்கிறா அக்கா..."

"பாட்டு கெடக்கட்டும். சம்பந்தி தூக்கிப் பாத்தா என்னத்தைச் சொல்லுவ?"

ஆசாரி வந்தார். எங்கள் வீட்டுக் கதவுகள் செய்த கை. பின்பலகையைச் சூடு காட்டிப் பெயர்த்து, மேல்பலகைக்கு அடியில் பர்மாத் தேக்கில் இன்னொரு பலகை கொடுத்து முடுக்கினார். விளிம்பெல்லாம் பித்தளைப் பூண். அதற்கு மேல் அரக்கு மெருகு, முகம் தெரிகிற மாதிரி. நான் பூரித்துப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேர் மாதிரி ஜொலித்தது.

"இனி இதும்மேல ஆள் ஏறி நின்னாலும் அசையாது. பாப்பா, ஏறு பாப்போம்" என்றார் ஆசாரி.

ஏறி நின்றேன். அசையவில்லை. பெரியாத்தா கைதட்டினாள். அந்த நேரம் பார்த்து ஆச்சி விருந்திலிருந்து திரும்பி உள்ளே வந்தாள்.

"ஆச்சி, இங்குட்டுப் பாருங்க! நா நிக்கிறேன்!"

ஆச்சி கிட்டே வந்தாள். என்னைத் தூக்கி இறக்கிவிட்டாள். குனிந்து ஒரு நரம்பைச் சுண்டினாள். உலக்கை விழுந்தாற்போல் ‘டொக்’ என்றது. இன்னொன்றைச் சுண்டினாள். அதுவும் அப்படியே. உள்ளங்கையைப் பலகையில் வைத்து ஏதோ முணுமுணுத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்புடி, கெட்டியா இருக்கா?" என்றாள் பெரியாத்தா.

"கெட்டியா இருக்கு பெரியாத்தா" என்றாள் ஆச்சி.

ஒரு சண்டை போட்டிருக்கலாம். ஒரு பாத்திரத்தையாவது விட்டெறிந்திருக்கலாம். என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அதற்கு மேல் பேச்சு வரவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

பரப்பில் கிடாருக்கு நடு இடம். மாமியார் இரண்டு கையாலும் தூக்கி, "அடியாத்தி, என்னா கனம்!" என்று அசந்து கீழே வைத்தாள். ஆத்தாவின் முகத்தில் அன்றைக்கிருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

வண்டி ஏறும்போது ஆச்சி தேம்பித் தேம்பி அழுதாள். எந்தப் பெண்தான் அழாமல் ஏறினாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. வண்டிக்குள் தலையை நீட்டி, என் அறிவுக்கு எட்டிய பெரிய ஆறுதலைச் சொன்னேன்.

"அழுகாதீக ஆச்சி. அதான் கிடாரு ஒங்க கூடவே வருதுல்ல."

ஆச்சி இப்போது கண்டரமாணிக்கத்தில் இருக்கிறாள். அடுத்த வீட்டில் கிராமபோன் வைத்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள்.