பார்சல் கொடுத்துப் பிடித்த புரோக்கர்

நம் வீட்டு ஆல்பத்தில் கொடைக்கானல் படங்கள் பதினேழு இருக்கின்றன. மேலே உங்கள் அம்மா தன் கையால் "எங்கள் சொந்த வாரம்" என்று எழுதியிருக்கிறாள். ஆனால் பதினேழு படத்திலும், நாம் அங்கே பங்கு வாங்கின ஃபிளாட் இல்லை. சாயம் போன ஒரு லாட்ஜ் கட்டில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்போது உங்களுக்கு விவரம் தெரியாத வயது. ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். நானும் பேச்சை மாற்றி மாற்றிக் களைத்துவிட்டேன். எழுதியே வைத்துவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததில் பிழை கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் ஷார்ஜாவில் ரோலா பக்கம் இருந்தோம். ஒரு ஃபிளாட், மூன்று அறை, மூன்று குடும்பம், ஒரே அடுப்படி. உங்கள் அம்மாவுக்கு அடுப்பு கிடைப்பது காலை ஐந்தரை முதல் ஆறரை வரை. ஒரு நிமிஷம் தாண்டினால் அடுத்த அறைக்காரம்மா வாசலில் குக்கரோடு நிற்பார். நான் ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பெட்டி வந்தாலும் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, நாற்பத்தைந்து நாள். அந்த நாற்பத்தைந்து நாளும் உங்கள் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சமைத்தாள். என் அண்ணன் வீட்டில், அவள் தங்கை வீட்டில், பரமக்குடியில் உங்கள் அம்மாச்சி வீட்டில். "துபாய்க்காரி கைப்பக்குவம்" என்று சொல்லிச் சொல்லியே கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு லீவு முடிந்து திரும்பும் விமானத்தில் அவள் சொன்னாள்:

"ஏங்க, எனக்கு நகை வேண்டாம். புடவை வேண்டாம். ஏழே நாள் வேணும். யாரும் வரக் கூடாது, யார் வீட்டுக்கும் போகக் கூடாது, இன்னைக்கு என்ன சமையல்னு ஒரு ஆள் கேக்கக் கூடாது."

வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொருள் என்றால் ரோலாவில் எந்தச் சந்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு நாள் எங்கே விற்கிறது?

விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு டைம்ஷேர் என்று பேர். மலைமேல் ஒரு ஃபிளாட்டை ஐம்பது பேருக்கு மேல் பங்கு போட்டு, ஆளுக்கு வருஷத்தில் ஒரு வாரம் எழுதிக் கொடுப்பார்கள். புதிதாக வாங்க நமக்குக் கட்டாது. ஏற்கெனவே வாங்கினவர் விற்றால் பாதிக்குப் பாதி. சவூதியில் ஜுபைலில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறார், கொடைக்கானலில் தன் இருபத்தெட்டாம் வாரத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். இருபத்தெட்டு என்றால் ஜூலை நடுவில். உங்கள் ஷார்ஜா ஸ்கூலுக்கு அப்போதுதான் பெரிய லீவு. எனக்காகவே அளவெடுத்த மாதிரி இருந்தது.

சிக்கல் என்னவென்றால் அந்த ஒரே வாரம் இரண்டு புரோக்கர் கையில் இருந்தது.

முதலாமவர் துபாயில் தேராவில் ஆபீஸ் வைத்திருந்தார். டை கட்டியிருந்தார். போனதும் மாம்பழ ஜூஸ் கொடுத்தார். "சார், இந்த ஃபிளாட் எக்ஸ்க்ளூசிவா என்கிட்ட மட்டும்தான். மாசாமாசம் கொடைக்கானல் போறவன் நான். ஜன்னலைத் திறந்தா ஏரி, சார். ஏரி!" என்று கையை விரித்தார். நான் அவர் விரித்த திசையில் பார்த்தேன். காலண்டர்தான் இருந்தது.

இரண்டாமவர் ரோலாவில் அரபு டைப்பிங் கடை வைத்திருந்த கீழக்கரை பாய். விசா பேப்பர் அடிப்பது, வாடகைப் பத்திரம் அடிப்பது, இடையில் இந்த மாதிரித் தரகு. ஜூஸ் கிடையாது. உட்கார நாற்காலியும் ஒன்றுதான், அதில் அவரே உட்கார்ந்திருந்தார்.

"என்கிட்ட மட்டும்னு பொய் சொல்ல மாட்டேன், தம்பி. ஜுபைல்காரர் ஊர்ல பாதிப் பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கார். அதுல நானும் ஒருத்தன்."

"ஜன்னல்ல ஏரி தெரியுமா பாய்?"

"ஜுபைல்காரர்கிட்டயே கேட்டேன். ஏரி தெரியாது. தண்ணித் தொட்டி தெரியும். ஆனா நல்ல தொட்டியாம்."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். ஏரிக்காரரையும் விட மனசில்லை, தொட்டிக்காரரையும் விட மனசில்லை. தப்பான ஆளிடம் கொடுத்தால் பேப்பர் வராது, அவளுடைய ஏழு நாளும் காற்றோடு போய்விடும். அப்போதுதான் அவள் ஒரு யோசனை சொன்னாள். இதை நன்றாக நினைவில் வையுங்கள், யோசனை அவளுடையது.

"ரெண்டு பேரும் ஊருக்குப் போறவங்கதானே? ஆளுக்கு ஒரு பார்சல் கொடுத்துப் பாருங்க."

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புரியும். யார் ஊருக்குப் போனாலும் அவர் பெட்டியில் நாலு பேர் வீட்டுச் சாமான் போகும். சோப்பு, தைலம், பால்பவுடர், சாக்லேட். மனிதன் எப்படிப்பட்டவன் என்று அந்தப் பார்சல் ஒன்றிலேயே தெரிந்துவிடும். பெண் கொடுப்பதற்கு முன்னால் பார்சல் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு.

ஒரே மாதிரி இரண்டு பார்சல் கட்டினேன். மஞ்சள் நைலான் கயிறு, மேலே கறுப்பு மார்க்கரில் விலாசம். டைக்காரருடையது மதுரையில் என் அண்ணன் கடைக்கு. பாயுடையது பரமக்குடிக்கு, உங்கள் அம்மாச்சிக்கு. கீழக்கரைக்குப் போகிறவருக்கு அது பக்கம்தானே. ஸ்டோர் கீப்பர் புத்தி சும்மா இருக்குமா? இரண்டு லிஸ்டிலும் சோப்பு ஆறு என்று எழுதி, உள்ளே ஐந்து வைத்தேன்.

டைக்காரர் பார்சலைத் தொடவே இல்லை. "வெச்சிட்டுப் போங்க சார், நம்ம வீட்டு வேலை மாதிரி!" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு தாராளமான மனுஷன்!

பாய் கயிற்றை அறுத்தார். நான் அரைமணி நேரம் கட்டின கட்டு. எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார். தைலம் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா என்று பார்த்தார். பால்பவுடர் டின்னைக் காதோரம் வைத்து ஆட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"தம்பி, சோப்பு அஞ்சுதான் இருக்கு. லிஸ்ட்ல ஆறு."

"அப்படியா பாய்? எண்ணிக்கை தப்பிடுச்சு போல."

"எண்ணிக்கை தப்பல. நீங்க ஸ்டோர் கீப்பர். என்னை எண்ணிப் பாக்கறீங்க." லிஸ்டில் ஆறை அடித்து ஐந்து என்று எழுதி, பக்கத்தில் என்னிடமே கையெழுத்து வாங்கினார். "இப்ப சரி. அங்க போய் ஆறுன்னு நீங்க சொன்னா நான்தானே திருடன்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, நான் கட்டினதைவிட இறுக்கமாகக் கட்டினார்.

இரண்டு வாரம் கழித்து டைக்காரர் போன் செய்தார். கொடைக்கானலிலிருந்து நேற்றுத்தான் திரும்பினாராம், வேறு பார்ட்டி காத்திருக்கிறதாம், உடனே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். பஸ் பிடித்துத் தேராவுக்குப் போனேன். ஜூஸ் வந்தது.

"பனி, சார்! எதிர்ல இருக்கற ஆள் தெரியல. உங்க ஜன்னல்ல நின்னுதான் டீ குடிச்சேன்."

பேனாவைக் கையில் கொடுத்தார். மூடி கழன்று கீழே உருண்டது. எடுக்கக் குனிந்தேன். மேஜைக்கு அடியில் அவருடைய பளபளப்பான ஷூ இரண்டும் சொகுசாக ஒரு பெட்டிமேல் இருந்தன. மஞ்சள் கயிறு. என் கையெழுத்து. மதுரை.

மெதுவாக நிமிர்ந்தேன்.

"ரொம்பக் குளிரா சார்?"

"ஸ்வெட்டர் போட்டும் கால் விறைச்சுப்போச்சு!"

"அதான் என் பார்சல்மேல காலை வெச்சிட்டு உக்காந்திருக்கீங்களா?"

அவர் வெட்கப்பட்டார் என்று எழுத ஆசைதான். படவில்லை. "அடுத்த ட்ரிப்ல கண்டிப்பா, சார்" என்றார். பார்சலைத் தோளில் வைத்துக்கொண்டு ரோலா பஸ் ஏறினேன். அன்று நீங்கள் இருவரும் சண்டை போட்டுத் தின்ற சாக்லேட், பெரியப்பாவுக்குப் போக வேண்டியது. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பாய் சொன்ன தேதியில் திரும்பி வந்தார். லிஸ்டின் கீழே "சோப்பு ஐந்து பெற்றேன்" என்று அம்மாச்சியின் கையெழுத்து. கூடவே ஒரு டின் முறுக்கு, அதுவும் எண்ணிக்கையோடு.

"உங்க அத்தை ரொம்ப விவரமானவங்க, தம்பி. வெயில்ல வந்திருக்கீங்களேன்னு மோர் கொடுத்து உக்கார வெச்சு எல்லாத்தையும் விசாரிச்சாங்க."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். முறுக்கு ருசியாக இருந்தது, மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பார்சலைப் பிரித்த மாதிரியே பாய் அந்த டைம்ஷேரையும் பிரித்துப் போட்டார். ஜுபைல்காரர் இரண்டு வருஷப் பராமரிப்புக் கட்டணம் கட்டாததைக் கண்டுபிடித்து, அவரையே கட்ட வைத்து, ரசீதை ஃபேக்ஸில் வாங்கினார். வாரம் என் பேருக்கு மாறிவிட்டது என்று மலையிலிருந்து கடிதம் வரும் வரை தன் தரகைத் தொடவில்லை. கடிதம் வந்த அன்று உங்கள் அம்மா அதை மூன்று தடவை படித்துவிட்டுச் சொன்னாள்: "ஊர்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவோம்." அப்படியே செய்தோம்.

ஜூலை. சனிக்கிழமை மதியம். மூட்டை முடிச்சோடு நாம் நாலு பேரும் போய் இறங்கினோம். ரிசப்ஷனில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க சார். உங்க ஃபேமிலி முன்னாடியே வந்துட்டாங்க. சாவி அவங்ககிட்டதான் இருக்கு."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே எட்டுப் பேர். சித்தி குடும்பம், மாமா குடும்பம். ஓரத்தில் இட்லிப் பானை, இரண்டு தூக்கு மாவு. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. பாய் சொன்னது வாஸ்தவம், நல்ல தொட்டிதான். அதைப் பார்த்தபடி நாற்காலியில் அம்மாச்சி.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! பழனியில கூட்டம் ஜாஸ்தியா?"

"அத்தை, இது எப்படி..."

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஃபிளாட் நம்பர், வாரம் இருபத்தெட்டு, சனி மதியம் முதல் சனி காலை வரை, எத்தனை கட்டில் என்பது உட்படப் பாயின் முத்து முத்தான எழுத்து. "எங்க மாப்பிள்ளைக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம்னு கேட்டேன். தங்கமான மனுஷன், ஒண்ணு விடாம எழுதிக் கொடுத்தார். நீங்களா ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சோப்பு ஐந்து என்றால் ஐந்து என்று சொல்லும் மனிதர் வேண்டும் என்று தேடிப் பிடித்தேன். அவர் பரமக்குடியிலும் ஐந்தை ஐந்து என்றே சொல்லிவிட்டார். பொய் சொல்லாத ஆளைப் பார்த்துப் பார்த்து எடுத்தவன், இதை மட்டும் சொல்லாதீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. ரகசியத்தைக் கயிறு கட்டி, விலாசம் எழுதி, நாங்களே அனுப்பியிருந்தோம்.

அம்மாச்சி உங்கள் அம்மாவின் தோளில் கை வைத்தார். "காலையில இருந்து யாரும் ஒண்ணும் சாப்பிடல. உன் கையால ஒரு சாம்பார் வெச்சா தேவலைன்னு எல்லாரும் ஆசைப்படறாங்கடி."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. அவள் நேராக ரிசப்ஷனுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"சார், இந்த ஃபிளாட்ல எத்தனை பேர் தங்கலாம்?"

"ஆறு பேர், மேடம். கூட மெத்தை போட்டு எட்டு. அதுக்கு மேல அனுமதி இல்லை."

"எட்டுன்னா எட்டுதானே? கண்டிப்பா?"

"ரூல், மேடம்."

"ரொம்ப நல்ல ரூல்" என்றாள்.

திரும்பிப் போய்த் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டுப் பேருக்குத்தான் இடமாம்மா. நாங்களும் இருந்தா பன்னிரண்டு. உங்களைப் போகச் சொல்ல எனக்கு மனசு வருமா? நீங்க இருங்க. நாங்க வெளியில எங்கயாவது படுத்துக்கறோம்."

"அடியே, நீங்க எங்கடி போவீங்க? பிள்ளைங்க வேற!"

"எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானே கலங்கிப்போனேன். டாக்சிக் கதவு சாத்தியதும் பார்த்தால், உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவரண்ணே, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது லாட்ஜ் இருந்தா விடுங்க. அடுப்பு வசதி இருக்கக் கூடாது."

அந்த லாட்ஜில் ஜன்னல் சாத்தாது. வெந்நீர் வாளியில் வரும், வரும்போதே பாதி ஆறியிருக்கும். அவள் காலை பத்து மணி வரை தூங்கினாள். பன்னும் டீயும் படுக்கைக்கு வந்தன. ஏழு நாளும் ஒரு ஆள்கூட அவளிடம் சாம்பார் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அங்கே எடுத்தவைதான் அந்தப் பதினேழு படமும்.

ரோலா திரும்பியதும், கடை வழியாகப் போன என்னைப் பாய் கூப்பிட்டார். "எல்லாம் திருப்தியா தம்பி? லாட்ஜ்லதான் இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். என் மச்சான் குடும்பம் மலைக்குப் போறாங்க. லாட்ஜ் பேர் என்ன, சொல்லுங்க."

"மறந்துபோச்சு, பாய்" என்றேன்.

மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து சோப்பைப் பார்த்த அதே பார்வை.

உங்களுக்கும் அதன் பேரைச் சொல்ல மாட்டேன். வாரா வாரம் அம்மாச்சியிடம் போனில் பேசுகிறீர்கள். அவர் இன்னும் விவரமாகத்தான் இருக்கிறார்.