எதிர் நாற்காலி வரைக்கும்

எங்கள் தெருவில் என் மனைவியின் பெயர் யாருக்கும் தெரியாது. “தலைகீழ் அக்கா” என்றால்தான் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில், கல்யாணமான மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், போன மழைக்காலத்தில் படுக்கையில் விழும்வரை அங்கேயே இருந்தாள். மழை விடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடி. நாற்பது தாண்டியதும் அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கியது. மேல் பாதியில் தூரம், கீழ் பாதியில் கிட்டம் என்று இரண்டு பவர் வைத்த கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள். உட்கார்ந்து படிப்பவர்களுக்கு அது சரி. அவளுக்கு வேலை ஸ்டூலின் மேல். மருந்து டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். மேல் தட்டின் எழுத்துகள் நெற்றிக்கு நேரே வரும். கீழ்ப் பாதி வழியாக அவற்றைப் படிக்க, தலையைப் பின்னால் மடக்கி வானத்தைப் பார்க்கிற கொக்கு மாதிரி நிற்க வேண்டும். ஒரு வாரம் கழுத்து வலியோடு நின்றாள். எட்டாம் நாள் கண்ணாடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மூக்கில் வைத்தாள். கிட்டம் மேலே போய்விட்டது. திருப்பினால் இடதும் வலதும் இடம் மாறும்; நல்ல வேளை, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். காதுக்கம்பி மட்டும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். கண்ணாடி நழுவாமல் ஒரு விரலால் அழுத்திக்கொள்வாள்.

“என்னக்கா, கண்ணாடிய தலைகீழா மாட்டியிருக்கீங்க?”

“மருந்து மேல இருக்கு, பவர் கீழ இருக்கு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை நடத்தி வைக்கிறேன்.”

டப்பாவை எடுத்து, பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். கீழே இறங்கி, கண்ணாடியை நேராக்கி, மருந்துச் சீட்டோடு சேர்த்து இன்னொருமுறை படிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

“அக்கா, பஸ் போயிடும்.”

“பஸ் போனா இன்னொண்ணு வரும் தம்பி. மாத்திரை உள்ள போனா திரும்பி வராது.”

நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் அந்தக் கோடியில் எவன் காலை வாரினான் என்று இந்தக் கோடியிலிருந்து சொல்வேன். அந்தக் கர்வத்தில் நான் கண்ணாடி போட்டதே இல்லை. ஐம்பது தாண்டியதும் செய்தித்தாளின் எழுத்துகள் எறும்பாக ஊர ஆரம்பித்தன. அதற்கும் நான் கவலைப்படவில்லை, வீட்டில் அவள் இருந்தாள். மின்சார பில், உறவுக்காரர்களின் குறுஞ்செய்தி, மாத்திரையின் தேதி எல்லாவற்றையும் அவள் படித்துச் சொல்வாள். தெருவில் நடந்தால் நான் படிப்பேன்: எந்த பஸ், எந்தக் கடை, எதிரே வருவது யார். கிட்டத்தில் இருப்பது அவள் இலாகா, தூரத்தில் இருப்பது என் இலாகா. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல ஜோடிக் கண் என்று அவளே சொல்வாள்.

பழைய கண்ணாடி கீறல் விழுந்ததும் புதிது வாங்கப் போனோம். கண்ணாடிக்கடைக்காரர் எங்கள் வயதுக்காரர். எதையும் நிதானமாகச் செய்பவர். அவள் தலைகீழாகத் திருப்பிக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

“மேலயும் கிட்டம், கீழயும் கிட்டம், நடுவுல வேறன்னு ஒரு லென்ஸ் இருக்கும்மா. வரவழைச்சுத் தரேன். ஆனா நீங்க எதை எதை எவ்வளவு தூரத்துல பாக்கறீங்கன்னு அளந்துட்டு வரணும்.”

அளந்தோம். தையல் டேப்பின் ஒரு முனையை அவள் புருவத்தில் நான் பிடித்துக்கொள்ள, மறுமுனை மேல் தட்டுக்குப் போனது. பிறகு கையில் இருந்த சீட்டுக்கு. கடையில் இருந்தவர்கள், “என்ன சார், அக்காவுக்குச் சட்டை தைக்கிறீங்களா?” என்று கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்து, டேப்பை என் மூக்குவரை நீட்டினாள்.

“இது எதுக்கு?”

“நாள் முழுக்கச் சீட்டும் அட்டையுமே பாக்கறேன். ஒருவேளையாவது நல்லதாப் பாக்க வேண்டாமா?”

“நல்லதுன்னா பக்கத்து வீட்டுக்குப் போகணும்.”

“பரவால்ல, இருக்கிறதை வச்சுப் பாத்துக்கறேன்.”

அளவுகளைக் கேட்டுக்கொண்ட கண்ணாடிக்கடைக்காரர் தயங்கினார். “நடுப் பகுதியில ஒண்ணுதாம்மா வைக்க முடியும். தூரம் வச்சா பஸ் போர்டு தெரியும். இந்த மேசை தூரம் வச்சா பஸ் போர்டு மங்கும். எது வேணும்?”

“மேசைதான்” என்றாள் உடனே. என் பக்கம் தலையைச் சாய்த்து, “பஸ் போர்டு இவர் படிச்சுச் சொல்வார்.”

கண்ணாடி வந்த அன்று எதிரே உட்கார்ந்து என்னை வெகுநேரம் பார்த்தாள். “அடடா, இத்தனை நாள் இதையா பாத்துக்கிட்டிருந்தேன்!” என்றாள். சிரித்து முடித்துவிட்டு, “நீங்க மட்டும் கண்ணாடி போட்டுடாதீங்க. என் மூஞ்சியில இருக்கிற கோடெல்லாம் தெரிஞ்சுடும்” என்றாள்.

“எங்க கோடு? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“அதைத்தான் சொல்றேன்.”

அந்தக் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் மேலே கிட்டம்தான். ஆனாலும் ஸ்டூலில் ஏறியதும் அவள் கை பழக்கத்தில் அதைத் திருப்பிவிடும். பட்டப்பெயரும் போகவில்லை.

அவள் இல்லாத வீட்டில் முதலில் நின்றுபோனது படிப்புதான். வந்த கடிதங்கள் மேசையில் குவிந்தன. என் ரத்த அழுத்த மாத்திரை எது என்று அட்டையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். ஒருநாள் கம்பெனி நிறத்தை மாற்றிவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆளில்லாமல் நின்றேன். அவள் இருந்தால் திட்டியிருப்பாள். மறுநாள் கண்ணாடிக்கடைக்குப் போனேன்.

அவர் கனமான வட்டச் சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டி, அதற்குள் லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகினார். படிக்க ஏதாவது எடுங்கள் என்றார். பையில் அவள் புகைப்படம்தான் இருந்தது. அவள் நன்றாக இருந்த கடைசிக் கோடையில் மருந்துக்கடை வாசலில் யாரோ எடுத்தது. லென்ஸ் மாற மாற, முகம் பனியிலிருந்து வெளியே வந்தது. கண்ணோரத்தில் அந்தக் கோடுகள். நெற்றியில் ஒன்று. மூக்கின் இருபுறமும், வழக்கமாகக் கண்ணாடி உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு சின்னப் பள்ளங்கள். தலைகீழாக மாட்டி அழுத்தி அழுத்தி விழுந்தவை. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் முகம். அந்தக் கோடுகளும் பள்ளங்களும் எனக்குப் புதியவை.

“தெளிவா இருக்கா சார்?”

“இருக்கு.”

“உங்களுக்குத் தூரம் நல்லாவே இருக்கு. படிக்கிறதுக்கு மட்டும் ஒண்ணு போதும்.”

“படிக்க ஒண்ணு குடுங்க. இன்னொண்ணும் வேணும். மேசை தூரத்துக்கு.”

“கம்ப்யூட்டர்ல வேலையா?”

“இல்ல. சாப்பாட்டு மேசை.”

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. டேப்போடு வந்த பெண் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, “அதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா பஸ் போர்டு தெரியாது சார்” என்றார்.

“யாரையாவது கேட்டுக்கறேன்.”

நேற்று கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலி, கைநீட்டித் தொடலாம் போல, அத்தனை தெளிவாக இருந்தது. முதுகுச் சட்டத்தின் நடுவில் வார்னிஷ் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்திருக்கிறது. இத்தனை வருஷம் அவள் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த இடம். இதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணாடி இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். நான் உட்காரும்போதெல்லாம் அதை மறைத்துக்கொண்டு அவள் இருந்தாள்.