ஒரு நாள் பாரம்

லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேஜைதான் என் பட்டறை. ஆபீஸ் விட்டு வந்ததும் ப்ளைவுட்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்து யானை, ஒட்டகம் என்று மரப் பொம்மைகள் செய்வேன். ஒட்டகத்தின் நாலாவது காலுக்கு வரும்போது கணவர் வந்து நிற்பார். "தட்டு போடலாமா?" எல்லாவற்றையும் வாரிக்கொண்டு நான் எழுந்துகொள்ள வேண்டும். யாரும் என்னை எழுப்பாத ஒரு மேஜை, அவ்வளவுதான் நான் கேட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், ஃப்ரிட்ஜ் வந்த மரப்பெட்டியைப் பிரித்து, பின்பக்க பால்கனியில் நானே ஒரு மேஜையை அடித்து நிறுத்தினேன். ஆடவில்லை. ஆனால் மேல்பலகைகள் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஒன்றோடொன்று சேராமல் கிடந்தன. மேடுகளை இழைத்துவிட்டு, மேலே ஹார்ட்போர்டு ஒட்டுவது என்று முடிவு செய்தேன். பசை விற்ற கடைக்காரர், "பஹன்ஜி, பூரா ஏக் தின் வஜன் ரக்னா" என்றார். ஒரு நாள் முழுக்கப் பாரம் வைக்க வேண்டுமாம்.

அனல் காற்று அடிக்கும் மதியத்தில் பசை பூச உட்கார்ந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். உடைந்த சீப்பால் இந்த ஓரத்தில் பசையை இழுத்து முடிப்பதற்குள் அந்த ஓரம் காய்ந்துவிட்டது. சுரண்டி, மறுபடி பூசி, போர்டை வைத்தால் நடுவில் உப்பிக்கொண்டது. ஒரு மூலையை அழுத்தினால் இன்னொரு மூலை எழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏதாவது கனமா எடுத்துட்டு வாங்களேன்!" என்று கத்தினேன்.

கணவர் அரிசி டின்னைக் கொண்டுவந்தார். அவரும் மகளுமாக, குளிர்கால ரஜாய்ப் போர்வைகள் அடைத்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள். கிரைண்டரும் ஏறியது. உப்பல் அடங்கியது.

மறுநாள் எல்லாவற்றையும் இறக்கப் போனேன்.

"இந்த ஹைட் சஹி இருக்கும்மா. அரிசி எடுக்கக் குனியவே வேண்டாம்," என்றாள் மகள்.

"பக்கத்துலயே ப்ளக் பாயின்ட் இருக்கு. கிரைண்டர் இங்கயே இருக்கட்டுமே," என்றார் கணவர்.

டிரங்குப் பெட்டியை இறக்க அவர் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! சண்டை போட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒருமுறை அரிசி டின்னை நானே இறக்கினேன். சாயங்காலம் அது பழையபடி மேலே இருந்தது. நான் பழையபடி சாப்பாட்டு மேஜையில் இருந்தேன்.

அவர் ரிடையராகி வீட்டைக் காலி செய்த அன்றுதான் எல்லாம் இறங்கின. தூசியைத் துடைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தேன். எங்கும் உப்பவில்லை, ஓரம்கூடப் பிரியவில்லை. ஒரு ரம்பக் கீறல் கிடையாது. இவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேனே என்று வயிறெரிந்தது.

சாப்பாட்டு மேஜை அதற்குள் லாரியில் ஏறிவிட்டது. கணவர் பூரிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இதுல தட்டு போடலாமா?"

"கூடாது," என்றேன்.

இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.